பெரியக்கா போட்ட பதினோராவது விடை

வகுப்பில் இருந்த நாற்பத்தெட்டுப் பேரில் நாற்பத்தேழு பேர் சின்னஞ்சிறிசுகள். நர்சிங் டிப்ளமோ முடித்த கையோடு பட்டப்படிப்புக்கு வந்து உட்கார்ந்த இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுக்காரர்கள். நாற்பத்தெட்டாவது ஆள் பெரியக்கா. பன்னிரண்டு வருடம் பிரசவ வார்டில் வேலை பார்த்தவள். மூன்று முறை விண்ணப்பித்தபோதும் கைவிரித்துவிட்டு, நான்காவது முறைதான் ஆஸ்பத்திரி நிர்வாகம் அவளைச் சம்பளத்தோடு படிக்க அனுப்பியது. வயது முப்பத்தைந்து. உயரம் அதிகம் என்பதால் கடைசி பெஞ்சு.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாலும் வகுப்பின் தலை அங்கேதான் இருந்தது. ஊசி போட நரம்பு கிடைக்கவில்லையா, பெரியக்காவைக் கேள். முடி கொட்டுகிறதா, பெரியக்காவைக் கேள். காதலன் மூன்று நாளாகப் பேசவில்லையா, அதற்கும் பெரியக்கா. எதைக் கேட்டாலும் கேட்ட வாய் மூடுவதற்குள் பதில் வந்துவிடும். தலைக்கனம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒருத்தி வலியில் அலற, வெளியே அவள் வீட்டார் ஆறு பேர் கதவைத் தட்ட, டாக்டர் வரும்வரை அத்தனை பேரையும் தாங்கிப் பிடிக்கிற வேலையை அவள் பன்னிரண்டு வருடம் செய்திருக்கிறாள். அந்த வேலையில் தயங்குகிறவள் தாக்குப்பிடிக்க முடியாது.

பாடம் நடத்துகிற மேடத்துக்கே வயது முப்பத்தொன்றுதான். பிரசவப் பாடம் வந்தால் மேடம் நடத்திவிட்டு, "சரிதானே சிஸ்டர்?" என்று கடைசி பெஞ்சைப் பார்ப்பாள். பெரியக்கா தலையசைத்தால்தான் மற்றவர்கள் நோட்டில் எழுதுவார்கள்.

இப்பேர்ப்பட்ட பெரியக்காவுக்குக் கல்யாணமாகி ஏழு வருடம். குழந்தை இல்லை. இல்லை என்றால், வேண்டாமென்று இல்லை, இப்போதைக்கு வேண்டாமென்று. இதில் அவளைக் குறை சொல்ல நான் வரமாட்டேன். கல்யாணமான ஆறாவது மாதம் மாமியார் பக்கவாதத்தில் விழுந்தார். இரண்டரை வருடம் படுக்கையிலேயே கிடந்தார். படுக்கைப்புண் ஒன்றுகூட இல்லாமல் அந்த அம்மாளைப் பார்த்துக்கொண்டவள் இவள். அதன் பிறகு இந்தப் படிப்புக்கான ஓட்டம். படிப்பு முடிந்தால் வார்டு இன்சார்ஜ் பதவி. அதில் காலூன்றியதும் குழந்தை. முப்பத்தெட்டில் பெற்றுக்கொள்ளலாம், இரண்டாவது வேண்டுமென்றால் நாற்பத்தொன்றில். கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிகளில் பாதி வழியில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுக்கிற வேலை. அதிகம் பேசாத மனுஷன். ஆனால் குழந்தைப் பேச்சை மட்டும் மூன்று முறை எடுத்திருக்கிறார். மூன்று முறையும் அவள், "நான் தினமும் பார்க்கிறேங்க. நாப்பத்தஞ்சு வரைக்கும் பயமே இல்லை" என்று சொல்லி முடித்துவிட்டாள். லிஃப்டைப் பற்றி அவர் சொன்னால் அவள் நம்புவதில்லையா? அதுபோல அவரும் நம்பினார்.

இப்படி இருக்கையில்தான் நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி ஒரு கட்டுத் தாளைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குள் வந்தாள். பட்டம் வாங்க ஆளுக்கொரு ஆய்வு செய்ய வேண்டும். இவளுடைய தலைப்பு, செவிலியர் படிப்பவர்களுக்குக் கருத்தரிப்பு பற்றி எவ்வளவு தெரியும் என்பது. சர்வே எடுக்க வந்தவளை அன்றே எல்லோரும் 'சர்வே' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

"பேர் எழுத வேணாம், நம்பர் எழுத வேணாம். வயசும் ஆணா பெண்ணாங்கறதும் மட்டும் போடுங்க. உங்களுக்குத் தெரிஞ்சதைப் போடுங்க. தெரியலைன்னா விட்டுடுங்க. இது பரீட்சை இல்லை" என்றாள் சர்வே.

யாரிடம் சொல்கிறாள் பாருங்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து மதிப்பெண்ணுக்கு நடுங்கியே வளர்ந்த கூட்டத்திடம், இருபத்தைந்து கேள்வியும் ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டமும் போட்ட தாளைக் கொடுத்துவிட்டு, பரீட்சை இல்லையாம். கண் தானாகக் கடைசி பெஞ்சுக்குப் போனது. பெரியக்கா ஐந்தே நிமிடத்தில் முடித்துவிட்டுப் பேனாவை மூடினாள். சர்வே வாசலில் நின்று மேடத்துடன் பேசிக்கொண்டிருந்த சமயம் பார்த்து, அந்தத் தாள் பெஞ்சு பெஞ்சாக முன்னால் போனது. முதல் வரிசை வரை போய், ஓரத்தில் ஒரு காப்பிக் கறையோடு திரும்பி வந்தது. பெரியக்கா கண்டும் காணாமல் இருந்தாள். சின்னப் பிள்ளைகள், போகட்டும் என்று நினைத்தாள்.

நான்கு நாள் கழித்து மதியச் சாப்பாட்டு நேரத்தில், கல்லூரி நடையில் சர்வே அவளை மறித்துக்கொண்டாள். கண் சிவந்திருந்தது. கையில் அதே தாள்கட்டு.

"அக்கா, பதினேழாவது கேள்வியில நீங்க முதல்ல மூணாவது கட்டத்தைப் போட்டுட்டு, அதை அடிச்சிட்டு நாலாவதைப் போட்டீங்களா?"

"போட்டிருப்பேன். ஏன்?"

"முப்பத்தொரு பேர் மூணாவதைப் போட்டுட்டு, அடிச்சிட்டு, நாலாவதைப் போட்டிருக்காங்க!"

பெரியக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடித்தலைக்கூட விடாமல் காப்பியடித்திருக்கிறார்கள். சர்வேயின் அழுகிற முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கிக்கொண்டாள்.

"சிரிங்க அக்கா, சிரிங்க. மேடமும் இப்படித்தான் வயித்தைப் பிடிச்சிட்டுச் சிரிச்சாங்க. எனக்குத்தான் ஆறு வார வேலை போச்சு. வேற காலேஜுக்குப் போய் முதல்லேருந்து எடுக்கணும். ஆம்பளைங்க வயசு பத்தி இருந்த கேள்விக்கு மட்டும்தான் உங்க கிளாஸ்ல இருக்கிற மூணு பசங்க சொந்தமா யோசிச்சு 'சம்பந்தமே இல்லை'ன்னு போட்டிருக்காங்க. அதுவும் தப்பு!"

"சரி, அழாதே. நான் வேணா பிள்ளைங்ககிட்டச் சொல்லி மறுபடியும்..."

"மறுபடியும் எடுத்தா அதே பதில்தான் வரும். பதினோராவது கேள்விக்கு நாப்பத்தெட்டுப் பேரும் அஞ்சாவது கட்டம். ஒருத்தர் விடாம. பெண்ணுக்குக் கருத்தரிக்கிற திறன் எந்த வயசுல வேகமா குறைய ஆரம்பிக்கும்? நாப்பத்தஞ்சுக்கு மேலயாம். அக்கா, முப்பத்தஞ்சுலயே ஆரம்பிச்சிடும்."

"யார் சொன்னது? நாப்பத்தி மூணுல, நாப்பத்தி நாலுல பெத்தவங்க பிள்ளைங்களை நானே கையால பிடிச்சிருக்கேன். போன வருஷம் மட்டும் நாலு பேர். பன்னிரண்டு வருஷமா லேபர் ரூம்ல நிக்கிறவ நான்."

சர்வே மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு இருபத்தொரு வயது. கோபத்தில் இருந்ததால், எதிரில் நிற்பது யார் என்பதே மறந்துபோயிருந்தது.

"பிள்ளை உண்டாகாதவங்க உங்க லேபர் ரூமுக்கு எதுக்குக்கா வருவாங்க?"

கேட்டுவிட்டு அவள் போய்விட்டாள். பெரியக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, மணி அடிக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

புத்தகம் இல்லாமல் இல்லை. மகளிர் நோய்ப் பாடநூலின் கடைசியில் குழந்தையின்மை பற்றி இரண்டரைப் பக்கம் உண்டு. பரீட்சைக்குப் பெரிய கேள்வி அதிலிருந்து வராது என்பது தலைமுறை தலைமுறையாக மாணவிகளுக்குத் தெரிந்த ரகசியம். அதனால் யாரும் புரட்டுவதில்லை. டிப்ளமோ காலத்தில் அவளும் புரட்டியதில்லை. அன்று மாலை நூலகத்தில் நின்றவாக்கிலேயே அந்த இரண்டரைப் பக்கத்தையும் படித்தாள். சர்வே சொன்னது எழுத்து மாறாமல் அதில் இருந்தது.

இருந்தாலும் பன்னிரண்டு வருடக் கண் அவ்வளவு சுலபத்தில் தோற்றுப்போகுமா? பார்த்துவிடுவோம் என்று, அடுத்த வாரம் மருத்துவமனைப் பயிற்சியில் ஒரு சின்னப் பெண்ணிடம் தன் இடத்தை மாற்றிக்கொண்டு, குழந்தையின்மைப் பிரிவுக்குப் போனாள். அது அவள் வேலை பார்த்த அதே கட்டடம். பிரசவ வார்டு மூன்றாம் மாடியில். இந்தப் பிரிவு கீழே, மருந்து கொடுக்கிற இடத்துக்குப் பின்னால், திங்களும் வியாழனும் காலையில் மட்டும். அந்தக் கதவை அவள் பன்னிரண்டு வருடம் கடந்து போயிருக்கிறாள். ஒரு முறைகூட உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. பார்க்க என்ன வேலை?

மூன்று நீள பெஞ்சுகள். மேலே வார்டில் எப்போதும் ஒரே கூச்சலாக இருக்கும். இங்கே ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தும் மின்விசிறிச் சத்தம் கேட்டது. புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியக்காவுக்குக் கொடுக்கப்பட்ட வேலை, உள்ளே அனுப்புவதற்கு முன் ஒவ்வொருவரிடமும் விவரம் கேட்டுச் சீட்டில் எழுதுவது. வயது என்ன, கல்யாணமாகி எத்தனை வருடம், எத்தனை வருடமாக முயற்சி.

முப்பத்தேழு. நாற்பது. முப்பத்தாறு. இருபத்தொன்பது. முப்பத்தொன்பது. நாற்பத்திரண்டு. எழுத எழுதப் பேனா கனத்தது. எல்லோரும் ஏதோ ஒரு நல்ல காரணத்துக்காகத்தான் தள்ளிப்போட்டிருந்தார்கள். ஒருத்திக்குத் தம்பிகளைப் படிக்க வைக்க வேண்டியிருந்தது. ஒருத்திக்கு வேலை நிரந்தரமாக வேண்டியிருந்தது. ஒருத்தியின் கணவர் ஐந்து வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டார். யாரைப் பார்த்தும் 'உனக்கு அறிவில்லையா' என்று கேட்க முடியாது. தன்னையே பார்க்கிற மாதிரி இருந்தது.

பதினேழாவதாக வந்தவள் நாற்காலியில் உட்காராமல் அவள் முகத்தையே பார்த்தாள். துணிக்கடையில் விற்பனைக்கு நிற்கிற பெண். கடைச் சீருடையிலேயே வந்திருந்தாள்.

"சிஸ்டர், என்னைத் தெரியலையா? ஆறு வருஷம் முன்னாடி என் தங்கச்சியை மேல சேர்த்திருந்தோமே. ரெட்டைப் பிள்ளை. ரெண்டாவது நீலமா வந்துச்சு. நீங்கதான் உள்ளங்காலைச் சுண்டிச் சுண்டி அழ வெச்சீங்க."

அந்த இரட்டையரைப் பெரியக்காவுக்கு நினைவிருந்தது. சிரித்தாள். "நல்லா இருக்காங்களா?"

"ஸ்கூலுக்குப் போறாங்க. ரெண்டும் வாலு." அவளும் சிரித்தாள். "அன்னிக்கு வராண்டாவுல நான் உங்ககிட்ட ஒண்ணு கேட்டேன், ஞாபகம் இருக்குமான்னு தெரியலை. எனக்கு முப்பத்திரண்டு ஆகுதே, இன்னும் ரெண்டு மூணு வருஷம் தள்ளிப் போடலாமான்னு கேட்டேன். 'நாப்பத்தஞ்சு வரைக்கும் கவலையே படாதே, முந்தாநாள்கூட நாப்பத்தி மூணுல ஒருத்தங்க பெத்தாங்க'ன்னு தோள்ல கை வெச்சுச் சொன்னீங்க. வீட்டுல எல்லாரும் என்னைப் பயமுறுத்திட்டே இருந்தாங்க சிஸ்டர். நீங்க ஒருத்தங்கதான் தைரியமா ஒரு வார்த்தை சொன்னீங்க. அன்னிக்குத்தான் நான் நிம்மதியா தூங்கினேன்."

குரலில் ஒரு துளி குத்தல் இல்லை. பழைய நன்றியை இப்போதாவது சொல்ல முடிந்ததே என்ற சந்தோஷம்தான் இருந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

"வயசு?" என்று பெரியக்கா கேட்டாள்.

"முப்பத்தெட்டு."

"எத்தனை வருஷமா முயற்சி?"

"மூணு வருஷம் முடியப் போகுது. ரெண்டு தடவை நின்னு கலைஞ்சிடுச்சு."

எழுதினாள். உள்ளே அனுப்பினாள். அடுத்தவளைக் கூப்பிட்டாள். அடுத்தவளின் வயதைக் கேட்டுவிட்டு எழுத மறந்து மறுபடியும் கேட்டாள். இந்த ஒருத்தியோடு போச்சா? வராண்டாவில், லிஃப்டு வாசலில், சொட்டு மருந்து கொடுக்கும் வரிசையில் எத்தனை பேர் அவளிடம் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்! பிரசவத்துக்கு வந்தவளின் அக்கா, நாத்தனார், தோழி, கூட வேலை பார்ப்பவள். அத்தனை பேர் தோளிலும் கை வைத்திருக்கிறாள். அத்தனை பேரும் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்.

துணிக்கடைப் பெண் மருந்து வாங்கும் வரிசையில் நின்றபோது பெரியக்கா சீட்டுகளைப் பக்கத்திலிருந்த நர்ஸிடம் தள்ளிவிட்டு எழுந்து ஓடினாள்.

"ஒரு நிமிஷம்மா. நான் அன்னிக்குச் சொன்னது தப்பு. எனக்குச் சரியா தெரியாமலே சொல்லிட்டேன். முப்பத்திரண்டுல நீ கேட்டப்போ, தள்ளிப் போடாதேன்னு சொல்லியிருக்கணும்."

அவள் மாத்திரை அட்டைகளை எண்ணிப் பைக்குள் போட்டாள். பையின் ஜிப்பு பாதியில் சிக்கியது. அதை இழுத்துச் சரிசெய்தாள்.

"நீங்க நல்லதுக்குத்தானே சொன்னீங்க" என்றாள். இரண்டடி போய்விட்டுத் திரும்பினாள். "ஆனா இனிமே யாருக்கும் சொல்லாதீங்க சிஸ்டர்."

மறுநாள் முதல் வகுப்பில், பெரியக்கா எழுந்து ஐந்து நிமிடம் கேட்டாள். மேடம் மேசையை விட்டு நகர்ந்து இடம் கொடுத்தாள். முன்னால் போய் நின்றபோது பிள்ளைகளுக்கு ஒரே குஷி. ஏதோ வார்டு வேடிக்கை சொல்லப் போகிறாள் என்று நினைத்தார்கள்.

"அந்தச் சர்வே தாள்ல பதினோராவது கேள்விக்கு நான் போட்டது தப்பு. நீங்களும் போட்டிருக்கீங்க. நாப்பதுக்கு மேல பெத்தவங்களை நான் பார்த்தேன், அது நிஜம். பெறாம திரும்பிப் போனவங்களை நான் பார்க்கவே இல்லை. அவங்க கீழ் மாடியில உட்கார்ந்திருக்காங்க. முப்பதுகளோட நடுவுலேருந்து வேகமா குறைஞ்சிடும். உங்களை யாராவது கேட்டா, என் பேரைச் சொல்லி நாப்பத்தஞ்சுன்னு சொல்லாதீங்க. இதுவரைக்கும் சொல்லியிருந்தா, போய்த் திருத்துங்க."

"இப்பதான் ஐ.வி.எஃப். எல்லாம் இருக்கே அக்கா?" என்றாள் கண்ணாடிக்காரி ஒருத்தி.

"இருக்கு. நேத்து கீழ இருக்கிற டாக்டரம்மாகிட்டயே கேட்டேன். அதுக்கும் சொந்தக் கருமுட்டைதானே வேணும்? முட்டைக்கும் நம்ம வயசுதான். மிஷினுக்கு வயசை மாத்தத் தெரியாது."

பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். பழக்கதோஷம், அவள் வாயைத் திறந்தாலே எழுதுவார்கள். அப்போது இரண்டாவது பெஞ்சிலிருந்து ஒரு வாயாடி, யோசிக்காமல் கேட்டுவிட்டாள்: "உங்களுக்கு என்ன வயசுக்கா?"

"முப்பத்தஞ்சு."

நாற்பத்தேழு பேனாவும் நின்றன. கேட்டவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவள் அவள் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். மேடம் சட்டென்று கரும்பலகைப் பக்கம் திரும்பி, துடைத்த பலகையையே மறுபடியும் துடைத்தாள். பெரியக்கா ஒருவரையும் பார்க்காமல் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.

அவர்கள் வீடு இரண்டாவது மாடியில் இரண்டே அறை. மாலையில் கணவர் வந்து, குழாயடியில் சலவைத்தூளைக் கொட்டிக் கை கிரீஸைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் பேச ஆரம்பித்துவிட்டாள். உட்கார்ந்து பேசினால் அழுதுவிடுவோம் என்ற பயம். சர்வே தாளில் தொடங்கி, துணிக்கடைப் பெண் திரும்பிச் சொன்னதுவரை ஒன்று விடாமல் சொன்னாள். அவர் குழாயை மூடவே இல்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவள்தான் போய் மூடினாள்.

"மூணு தடவை கேட்டேன்" என்றார் அவர்.

"ஆமாங்க."

"மூணு தடவையும் பெண்டாட்டி மாதிரி பதில் சொல்லலை. நர்ஸ் மாதிரி சொன்னே. அதுக்கு மேல நான் என்னத்தைப் பேச முடியும்?"

ஏழு வருடத்தில் அவர் இவ்வளவு கடுமையாகப் பேசியதில்லை. அவளிடம் மறுப்பு இல்லை. சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து அழுதாள். நல்ல சத்தமாகவே அழுதாள். மாமியாரைக் குளிப்பாட்டின காலம், மூன்று முறை திரும்பி வந்த விண்ணப்பம், மற்றவர்கள் பிள்ளைகளைத் துடைத்துத் துணியில் சுற்றிக் கொடுத்த கை, எல்லாவற்றையும் சேர்த்து அழுதாள். அவர் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நானும் ஒருத்தன்கிட்டச் சொல்லிவெச்சிருக்கேன்" என்றார் பிறகு.

"என்ன?"

"எங்க எலெக்ட்ரீஷியன் இருக்கான்ல? அவன் சம்சாரத்துக்கு முப்பத்தாறு. ரெண்டு வருஷம் போகட்டுமான்னு கேட்டான். என் வீட்டுக்காரி லேபர் வார்டு நர்ஸு, அவ நாப்பத்தஞ்சுன்னு சொல்றா, தாராளமா இருடான்னுட்டேன்."

அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தத் தாள் எந்தெந்த பெஞ்சுக்கெல்லாம் போயிருக்கிறதோ! "இப்பவே போன் பண்ணுங்க அவருக்கு" என்றாள். அவர் அங்கேயே உட்கார்ந்தபடி போனை எடுத்தார். "டேய், நான் அன்னிக்குச் சொன்னேன்ல..." என்று ஆரம்பித்து, தடுமாறி, ஒருவழியாகச் சொல்லி முடித்தார். அந்தப் பக்கம் எலெக்ட்ரீஷியன் கத்தியது இவளுக்கே கேட்டது.

போனை வைத்துவிட்டு, "நடுவுல உண்டாச்சுன்னா உன் படிப்பு?" என்று கேட்டார்.

"ஒரு வருஷம் போகும். இன்சார்ஜ் வேலை எனக்கு அடுத்தவளுக்குப் போயிடும்."

"போனா?"

"போகட்டும். அவளும் நல்லா வேலை செய்யிறவதான்." நான்கு வருடம் அந்த நாற்காலிக்காகவே நடந்தவள் பெரியக்கா. வலிக்காமல் எப்படி இருக்கும்? மூக்கை உறிஞ்சிவிட்டு, "வியாழக்கிழமை லீவு போடுங்க" என்றாள்.

வியாழக்கிழமை அந்த நீள பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் சீருடையில் வரவில்லை. அவர் முழுக்கைச் சட்டை போட்டு, பொத்தானைக் கழுத்துவரை மாட்டியிருந்தார். அவர்கள் முறை வந்து உள்ளே போனதும் டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்து, முகம் மலர்ந்தார். மேல் மாடியில் எத்தனையோ சிக்கலான பிரசவத்தில் இருவரும் ஒன்றாக நின்றவர்கள்.

"அடடே, வாங்க சிஸ்டர்! யாரைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?"

"எங்களைத்தான் டாக்டர்."

டாக்டரின் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் மாறியது. வயதைக் கேட்டார். மற்ற விவரங்களைக் கேட்டார். இன்னும் முயற்சியே தொடங்கவில்லை என்று அவள் சொன்னதும் பேனாவை ஒரு கணம் நிறுத்தினார். பிறகு மளமளவென்று எழுத ஆரம்பித்தார். இவளுக்கு இரண்டு ரத்தப் பரிசோதனை, ஒரு ஸ்கேன். அவருக்கு ஒரு பரிசோதனை. சீட்டைக் கிழித்து நீட்டினார். வெளியே பெஞ்சில் இன்னும் நாற்பது பேர்.

"ரிசல்ட் வந்ததும் எடுத்துட்டு வாங்க, பார்த்துக்கலாம். மத்தபடி என்ன ஏதுன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? பன்னிரண்டு வருஷம் இதே வேலைதானே. எல்லாம் தெரிஞ்சவங்க. வீட்டுல சாருக்கு நீங்களே விளக்கிச் சொல்லிடுங்க."

பெரியக்காவின் தலை பழக்கத்தில் அசையத் தொடங்கியது. இப்படித் தலையசைத்து எத்தனை அறைகளிலிருந்து வெளியே வந்திருக்கிறாள்! அவள் அசைத்ததைப் பார்த்து, வேலை முடிந்தது என்று கணவரும் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தார். அவள் அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்து மறுபடியும் நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"தெரியாது டாக்டர்" என்றாள். "முதல்லேருந்து சொல்லுங்க. நிதானமா சொல்லுங்க, அவரும் கேட்கட்டும்."